சாயப்பட்டறைக் குழாயும் ஊர்க் குழாயும்: திருப்பூர் நீர்வழங்கலில் பெருநுகர்வோரின் இடம்

நகரக் குடிநீர்க் குழாயில் ஓர் ஆலையோ பட்டறையோ இணைப்பு வாங்கினால் முதலில் அடிபடுவது கடைக்கோடி வீடு. பெரிய விட்டமுள்ள இணைப்பு ஒன்று தரைத்தொட்டிக்குள் திறந்து கிடக்கும்போது, அந்தத் தொட்டி நிறையும் வரை தெருக்கோடியில் அழுத்தம் ஏறாது. வீட்டுக்காரர் குழாயில் மோட்டாரைப் பூட்டி உறிஞ்சுவார். பக்கத்து வீட்டுக்காரரும் பூட்டுவார். உறிஞ்சும் குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் சாக்கடையும் சேர்ந்து வரும். பெருநுகர்வோரைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இந்த இழுபறியோடு நின்றுவிடுகிறது. ஊருக்கு வர வேண்டிய தண்ணீரை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், எடுப்பதை நிறுத்தினால் ஊருக்கு நல்லது என்பதே எல்லோரும் சொல்லும் கணக்கு.

திருப்பூரின் அனுபவம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. இங்கே சாயப்பட்டறைகளின் தேவைக்காகப் போடப்பட்ட குழாயில்தான் ஊரும் சுற்றுக் கிராமங்களும் தண்ணீர் பிடித்தன. பட்டறைகள் தண்ணீர் வாங்குவதைக் குறைத்தபோது அந்தக் குழாயின் வரவுசெலவு ஆட்டம் கண்டது. பெருநுகர்வோர் ஒரு நகரத்தின் நீர்வழங்கலைத் தம் தாகத்தால் மட்டுமின்றித் தம் பணத்தாலும், தாம் வெளியேற்றும் கழிவாலும், கடைசியில் தம் சிக்கனத்தாலும் மாற்றியமைக்கிறார்கள். இந்த நான்கும் எந்த வரிசையில் நிகழ்ந்தன என்பதைச் சுமார் அரை நூற்றாண்டுக் காலத்தில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கிணற்றுக் காலம்

திருப்பூர் மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. கீழே கடினப் பாறை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் கலக்கும் நொய்யல், அணைக்கட்டுகளையும் குளங்களையும் நிரப்பிக் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுத்துவந்த ஆறு. நகராட்சிக்கு மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றிலிருந்து தண்ணீர் வந்தது. அது போதாத வீடுகள் கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் நம்பின. பனியன் தொழில் உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளை உள்ளாடை தைத்துக்கொண்டிருந்த வரையில் இந்த ஏற்பாடு எப்படியோ ஓடியது. சலவைப்பட்டறைகள் அப்போதும் இருந்தன. ஆனால் வெள்ளைக்கு வேண்டிய தண்ணீர் வேறு, வண்ணத்துக்கு வேண்டிய தண்ணீர் வேறு.

1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கியது. 1980களின் பிற்பகுதியில் வண்ண ஆடைக்கான ஆர்டர்கள் குவிந்தபோது ஊரின் நீர்க்கணக்கு தலைகீழானது. ஒரு கிலோ பின்னல் துணிக்குச் சாயம் ஏற்றும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். துணியின் எடையைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு தண்ணீர் தொட்டியில் நிற்க வேண்டும். பழைய வின்ச் இயந்திரத்தில் இன்னும் கூடுதல். முதலில் காரத்தில் கொதிக்கவைத்து மெழுகையும் எண்ணெயையும் நீக்க வேண்டும். பிறகு வெளுப்பு, அதன்பின் அமிலத்தில் நடுநிலைப்படுத்தல். பிறகுதான் சாயம். ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற லிட்டருக்கு ஐம்பது கிராமுக்கும் மேல் உப்பைக் கொட்ட வேண்டியிருக்கும். நிலைத்து நிற்கச் சோடா போட வேண்டும். பிடிக்காத சாயம் போக சோப்புக் கொதியல், அதற்கப்புறம் அலசல், மறுபடி அலசல். ஒவ்வொரு கட்டத்திலும் தொட்டியை வடித்துப் புதுத் தண்ணீர் விட வேண்டும். பத்து முறை மாற்றினால் கிலோவுக்கு நூறு லிட்டர் ஆகிவிடும். பழைய இயந்திரங்களில் இருநூறைத் தாண்டியதும் உண்டு. இத்தனைக்கும் எந்தத் தண்ணீரும் ஆகாது. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், ஷேடு மாறும். ஷேடு மாறினால் வெளிநாட்டு வாங்குநர் சரக்கைத் திருப்பிவிடுவார். திருப்பூரின் நிலத்தடி நீரோ இயல்பிலேயே கடினமானது.

ஆகவே லாரிகள் வந்தன. பல்லடம், அவினாசி, காங்கயம் பக்கங்களில் நல்ல ஊற்றுள்ள கிணற்றுக்காரர்கள் வெள்ளாமையை விட்டுத் தண்ணீர் விற்றார்கள். திருப்பூரின் முதலாளிகளில் பலர் விவசாயக் குடும்பங்களிலிருந்து உழைப்பாளிகளாக வந்து மேலேறியவர்கள் என்பதைப் புவியியலாளர் ஷரத் சாரி தம் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த உறவுவலை தண்ணீர் வணிகத்துக்கும் உதவியிருக்கும் என்றே எனக்குப் படுகிறது. தோட்டத்து அண்ணனும் பட்டறைத் தம்பியும் பேசி முடித்துக்கொள்ள டெண்டர் தேவையில்லை. லாரி என்பது நகராட்சி வரைபடத்தில் இல்லாத ஒரு குழாய். நகராட்சியின் நீர்வழங்கலோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் அன்றைய அதிகாரிகள் நினைத்திருக்க வேண்டும்.

அங்கேதான் கணக்கு தவறியது. லாரியில் வந்த தண்ணீர் உப்போடும் சாயத்தோடும் நொய்யலில் இறங்கியது. அங்கிருந்து கிணறுகளுக்குள் புகுந்தது. துவைக்கவும் புழங்கவும் கைகொடுத்த வீட்டுக் கிணறுகள் கைவிடப்பட்டன. அதுவரை குடிக்க மட்டும் நகராட்சிக் குழாயை நாடிய குடும்பம் இப்போது எல்லாவற்றுக்கும் அதையே எதிர்பார்த்தது. சாயப்பட்டறை நகராட்சிக் குழாயில் ஒரு சொட்டும் எடுக்காமலேயே அந்தக் குழாயின் மீதான பாரத்தைக் கூட்டிவிட்டது. பெருநுகர்வோரின் தாக்கத்தை மீட்டரைப் பார்த்து அளப்பவர்களின் கண்ணில் படாத பகுதி இது. திருப்பூர் வரலாற்றில் கனமானதும் இதுதான் என்பேன். 1991-ல் சுமார் 2.36 லட்சமாக இருந்த நகராட்சி மக்கள்தொகை 2001-ல் 3.44 லட்சமானது. பெருகிய கூட்டமும் கெட்டுப்போன கிணறும் ஒரே பத்தாண்டில் வந்து சேர்ந்தன.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் இன்னும் கொடுமை. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992-ல் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. அணையில் தண்ணீர் இருந்தும் திறந்துவிட வேண்டாம் என்று பாசனக்காரர்களே சொன்ன விநோதம் அங்கே நடந்தது. அந்த விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனதன் விளைவு பின்னால் வருகிறது.

மூன்றாம் திட்டம்

லாரித் தண்ணீரின் விலையும் நிச்சயமின்மையும் ஏற்றுமதியாளர்களைக் குழாய்த் திட்டத்தின் பக்கம் தள்ளின. 1990-ல் தொடங்கப்பட்ட திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும், தமிழக அரசும், உள்கட்டமைப்புக்கு நிதி தரும் ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனமும் சேர்ந்து 1995-ல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகத்தை உருவாக்கின. 2000-ல் அரசோடு முப்பதாண்டு உரிம ஒப்பந்தம் கையெழுத்தானது. கழகம் கட்டும், நடத்தும், காலம் முடிந்ததும் அரசிடம் ஒப்படைக்கும். மகிந்திரா, அமெரிக்காவின் பெக்டெல், பிரிட்டனின் யுனைடெட் யுட்டிலிட்டீஸ் ஆகியவை அதில் கைகோத்தன. பவானி நகருக்கு அருகே காவிரியிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தொலைவுக்கு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டம். செலவு ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். 2005-ல் தண்ணீர் வரத் தொடங்கியது. திருப்பூர்க்காரர்களுக்கு இது மூன்றாம் குடிநீர்த் திட்டம்.

அதே 2000-ல் பொலிவியாவின் கொச்சபம்பா நகரில், பெக்டெல் சார்ந்த நிறுவனம் குடிநீர்க் கட்டணத்தை ஏற்றியதும் மக்கள் தெருவில் இறங்கி ஒப்பந்தத்தையே முறித்தார்கள். அங்கே முதலீட்டுச் சுமை வீடுகளின் தலையில் விழுந்தது. திருப்பூரில் அதைச் சுமக்க வேண்டியவை சாயப்பட்டறைகள். இங்கே அத்தகைய கொந்தளிப்பு எழாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

குழாயின் அளவே யாருக்காகப் போடப்பட்டது என்று சொல்லிவிடும். கழிவுநீர்க் குழாயுள்ள நகரத்துக்கு ஆளொன்றுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வழங்கும் அளவுகோல். 2001-ன் நகராட்சி மக்கள்தொகைக்கு அதைப் பெருக்கினால் சுமார் 4.6 கோடி லிட்டர் வரும். திட்டமோ அதைப்போல் நான்கு மடங்கு. அதே அளவுகோலில் ஏறக்குறைய 13.7 லட்சம் பேருக்குக் கொடுக்கக்கூடிய தண்ணீர் அது. வழியோரக் கிராமங்களைச் சேர்த்துக்கொண்டாலும் பெரும்பங்கு பட்டறைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் இல்லாவிட்டால் இந்த ஊருக்கு இவ்வளவு பெரிய குழாயைப் போட யாரும் கடன் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கட்டண அமைப்பு இதைவிட வெளிப்படையானது. தொடக்கத்தில் ஆயிரம் லிட்டருக்குத் தொழிற்சாலைகளுக்கு 45 ரூபாய், நகராட்சிக்கு 5 ரூபாய், ஊராட்சிகளுக்கு அதைவிடவும் குறைவு. பட்டறைக்கு விற்கும் ஒரு லிட்டர், ஊருக்குக் கொடுக்கும் ஒன்பது லிட்டருக்குச் சமமான வரவைத் தந்தது. பட்டறைக்காரருக்கும் இது பெரிய பாரமில்லை. கிலோ துணிக்கு நூறு லிட்டர் என்று வைத்தால் தண்ணீர்ச் செலவு நாலரை ரூபாய்தான், அதுவும் நல்ல மென்மையான ஆற்றுநீருக்கு. தொழில் ஊருக்குத் தண்ணீர் வாங்கித் தருகிறது என்று அன்று மேடைகளில் பேசப்பட்டதில் உண்மை இருந்தது.

ஆபத்தும் அதே ஏற்பாட்டுக்குள் இருந்தது. பட்டறைகள் வாங்குவது நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் குறைந்தால் 4.5 லட்சம் ரூபாய் வரவு போய்விடும். அந்த ஓட்டையை நகராட்சிக்கு விற்று அடைக்க வேண்டுமானால் கூடுதலாக 9 கோடி லிட்டர் விற்க வேண்டும். அதாவது மொத்தத் திட்டத்தில் பாதி. பம்புகளின் பராமரிப்பும் ஆள்சம்பளமும் கடன் வட்டியும் தண்ணீர் விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டியே தீர வேண்டியவை. மின்கட்டணம் மட்டும் ஓரளவு ஏறி இறங்கும். இதற்குப் பொறியியல் பக்கமும் உண்டு. பெரிய ஓட்டத்துக்கு அளவெடுத்த குழாயில் சிறிதளவு தண்ணீர் ஓடினால் அது குழாய்க்குள்ளேயே நெடுநேரம் தங்கும். தங்கத் தங்கக் குளோரின் குறையும். வழியில் மறுபடி போட வேண்டிவரும்.

விற்பனை தொடக்கத்திலேயே எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. மழை பெய்து கிணறு ஊறிய ஆண்டுகளில் 45 ரூபாய்த் தண்ணீருக்குக் கிணற்றுநீர் போட்டியாக இருந்தது. ஆற்றுநீரையும் கிணற்றுநீரையும் கலந்து ஓட்டியவர்களும் உண்டு. தனக்கென்று வேறு மூலம் வைத்திருக்கும் பெருநுகர்வோர், பொதுக் குழாயை வறட்சிக்கால உதிரியாக வைத்துக்கொள்வது எங்கும் காணக்கூடியதே. அதன் செலவு முழுவதையும் ஆண்டு முழுக்கச் சுமப்பது குழாயை நடத்துபவர். கழகத்தின் கடனைச் சீரமைக்க வேண்டிய நிலை வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழகம் நகராட்சிக்குத் தண்ணீரை மொத்தமாகத்தான் கொடுத்தது. தொட்டியிலிருந்து வீட்டுக்குப் போகும் குழாய்கள் நகராட்சியுடையவை, பழையவை. பிரதான குழாய் நவீனமாகவும் தெருக்குழாய் பழையபடியும் இருந்ததால், மூன்றாம் திட்டம் வந்த பிறகும் பல பகுதிகளில் சில நாள்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்தது. கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர் வாசல் வரை மூலதனம் வரும். குழாயடியில் குடத்தோடு நிற்பவர் வாசல் வரை அது வருவதில்லை.

ஆறு காசு

நொய்யல் பாசன விவசாயிகளான ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. பட்டறைகள் கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றாக நிறுத்தும் ஏற்பாட்டுக்கு மாற வேண்டும். மாறும் வரை, வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 2007 ஜனவரி முதல் 6 காசு அபராதம் கட்ட வேண்டும். அது படிப்படியாக 8 காசு, 10 காசு என ஏறும்.

ஆறு காசு என்று கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். ஆயிரம் லிட்டருக்கு அது 60 ரூபாய். பத்துக் காசு என்றால் 100 ரூபாய். 45 ரூபாய்க்கு வாங்கும் தண்ணீரை வெளியே விட 60 முதல் 100 ரூபாய் கட்ட வேண்டும் என்றானபோது, தண்ணீரின் உண்மை விலை முதன்முறையாகப் பட்டறைக் கணக்கில் ஏறியது. அந்தப் பணம் குழாயை நடத்திய கழகத்துக்கு வரவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தொழில் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற ஆணையை உறுதிசெய்து மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. அப்படியும் கழிவு நிற்கவில்லை. நீதிமன்ற அவமதிப்பு மனுவின் மீது 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடவும் மின்இணைப்பைத் துண்டிக்கவும் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீர்வழங்கல் வரலாற்றின் பார்வையில் அந்த நாளின் பொருள் இது: ஒரு குடிநீர்த் திட்டம் தன் முக்கிய வாடிக்கையாளர்களை ஒரே உத்தரவில் இழந்தது. ஆற்றில் தண்ணீர் இருந்தது, பம்பு இருந்தது, குழாய் இருந்தது. வாங்கத்தான் ஆளில்லை.

பட்டறைகள் அந்த ஆண்டிலிருந்து சிறுகச் சிறுகத் திறந்தன. அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சவ்வூடு வடிகட்டலில் நீரைப் பிரித்து, எஞ்சும் உப்புக் கரைசலை மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறை அருள்புரம் சுத்திகரிப்பு நிலையத்தில் வெற்றிபெற்று மற்றவற்றுக்கும் பரவியது. மீண்டு வரும் தண்ணீர் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல். இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் புதுத் தண்ணீர் வாங்கினால் போதும். கூடவே இயந்திரங்களும் மாறின. வின்ச் போய்க் குறைந்த நீரில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ வந்தது. சுற்றுச்சூழல் கண்ணோட்டத்தில் பெரிய முன்னேற்றம் இது. எஞ்சும் கரைசலை வற்றச்செய்யும் ஆவியாக்கிகளுக்கு ஆகும் மின்சாரம், விறகு, மீதமாகும் கலப்பு உப்பைக் கொட்ட இடமின்மை ஆகிய குறைகளைச் சொன்னாலும் நொய்யலுக்கு ஓரளவு விமோசனம் தந்த மாற்றம். மீட்டெடுத்த நீருக்கு ஆகும் செலவு 45 ரூபாயைவிடப் பலமடங்கு. விலை தூண்டியதால் இந்தச் சிக்கனம் வரவில்லை. நீதிமன்றம் கதவைப் பூட்டியதால் வந்தது.

ஆனால் 18.5 கோடி லிட்டர் குழாயை நிறுத்திப் பிடிக்க வேண்டிய தூண், இனி ஈடுகட்டும் தண்ணீர் மட்டும் வாங்கும் வாடிக்கையாளராகச் சுருங்கியது.

மணலியின் ஒப்பீடு

சென்னையோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் நெடுங்காலம் மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரை நம்பியிருந்தன. அளவுமீறி இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. 1990களின் தொடக்கத்தில் அவை கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீரை வாங்கி மேலும் தூய்மைப்படுத்திப் பயன்படுத்தத் தொடங்கின. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம்நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. ஒன்று மணலி, மீஞ்சூர்ப் பகுதிக்கு. மற்றது இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு.

சென்னையில் பெருநுகர்வோர் நன்னீரிலிருந்து விலகியும் குடிநீர் வாரியத்தின் வாடிக்கையாளராகவே நீடிக்கிறார். வாங்கும் சரக்குதான் மாறியது. விடுபட்ட நன்னீருக்கு அந்த வறண்ட நகரத்தில் வாய்கள் காத்திருந்தன. அதே 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரம் அது. திருப்பூரில் பட்டறைகள் தம் சொந்தக் கழிவையே தம் சொந்த நிலையங்களில் மீட்டெடுத்தன. அந்த நீர், நகர நீர்வழங்கல் அமைப்பின் ஏட்டில் எங்கும் வரவில்லை. மறுசுழற்சி ஆலை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே, தொழிலின் சிக்கனம் நகரக் குழாய்க்கு லாபமா நட்டமா என்பது முடிவாகிறது.

பின்விளைவுகள்

2011-க்குப் பிறகு எல்லாப் பட்டறைகளும் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணையவில்லை. சில ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களின் ஓரங்களுக்கு நகர்ந்தன. அனுமதியின்றி இயங்கிய பட்டறைகளை இடித்த செய்திகள் அந்த ஆண்டுகளில் அடிக்கடி வந்தன. அங்கே 45 ரூபாய்க் குழாயும் இல்லை, ஆறு காசு அபராதமும் இல்லை. ஆழ்துளைக் கிணறு, லாரி, பள்ளத்தில் இறங்கும் சாயநீர் என்று திருப்பூர் 1990களில் கடந்த கட்டம் அந்த ஊர்களில் முதலிலிருந்து தொடங்கியது. ஒரு நகரத்தின் குழாயிலிருந்து விலகும் பெருநுகர்வோர் எங்கே போகிறார் என்பதையும் அந்நகரத்தின் நீர்க்கணக்கில் சேர்க்க வேண்டும். மாவட்ட எல்லை அதற்குக் குறுக்கே நிற்கிறது.

திருப்பூர் 2008-ல் மாநகராட்சியானது; 2011-ல் அண்டை நகராட்சிகளும் ஊராட்சிகளும் இணைந்தன. பழைய எல்லைக்குள் சுமார் 4.4 லட்சமாக இருந்த மக்கள்தொகை புதிய எல்லையில் ஏறக்குறைய இரட்டிப்பானது. பட்டறைகள் விட்ட இடத்தை நிரப்பும் அளவுக்கு வீடுகள் இருந்தன, தேவையும் இருந்தது. ஆனால் தொழிற்கட்டணத்தில் விற்க வேண்டிய தண்ணீரை வீட்டுக் கட்டணத்தில் விற்றால் திட்டத்தின் கடன் அடையாது. மாநகராட்சி கூடுதல் விலை கொடுத்தால் அதைக் குடும்பங்களிடம் வசூலிக்க வேண்டும், இல்லையேல் வேறு தலைப்பிலிருந்து எடுத்துப் போட வேண்டும். 2018-ல் ஐ.எல்.எஃப்.எஸ். குழுமமே கவிழ்ந்தபோது இந்தச் சிக்கல் இன்னும் இறுகியது.

நகரம் நான்காம் குடிநீர்த் திட்டத்துக்காக மறுபடி மேட்டுப்பாளையத்துப் பவானியிடமே போயிருக்கிறது. இம்முறை முதலீடு மத்திய அரசின் அம்ருத் திட்ட நிதியிலிருந்து வந்தது. கணக்குப் போட்டவர்கள் தலைக்கு இத்தனை லிட்டர் என்று போட்டார்கள். மூன்றாம் திட்டத்தின் உரிமக் காலம் முடியும்போது 55 கிலோமீட்டர் குழாயும் அதன் பம்புகளும் அரசின் கைக்கு வரும். மின்கட்டணமும் பழுதுபார்ப்பும் அவற்றோடு சேர்ந்து வரும். அந்தச் செலவைப் பிரிக்கும்போது, ஈடுகட்டும் தண்ணீரை மட்டும் வாங்கினாலும் வறட்சி வந்தால் முழு அளவும் தனக்குக் கிடைக்கும் என்று நம்பியிருக்கும் பட்டறை, வாங்காத தண்ணீருக்கும் ஒரு நிலைக்கட்டணம் செலுத்துமா என்பது அப்போது மேசைக்கு வரும் முதல் கேள்வி.